அண்ணாமலைக் குகையும் யோகச் சொற்களும்

ஒரு கலையைக் கற்பிக்கப் புகுவோர் முதலில் அதன் சொற்களைக் கற்கின்றனர். யோகக் கலையும் இதற்கு விலக்கன்று. ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம், தாரணை, தியானம், சமாதி என்னும் வடசொற்கள் தமிழ்நாட்டின் பயிற்சிக் கூடங்களில் நாள்தோறும் ஒலிக்கின்றன. இவற்றை வந்தபடியே வழங்குவதா, தமிழாக்கி வழங்குவதா என்னும் வழக்கு தமிழறிஞரிடையே நெடுங்காலமாக நிலவுவது. இவ்வழக்கை ஆராய்வோர்க்குத் திருவண்ணாமலை ஓர் அரிய சான்றைத் தருகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அம்மலையின் விரூபாட்ச குகையில், நகராட்சி ஓவர்சியர் ஒருவர் கேட்ட ஐயங்களுக்கு இளந்துறவி ஒருவர் துண்டுத்தாள்களில் எழுதித் தந்த விடைகளே அச்சான்றாகும்.

அவ்விடைகளின் அருமையை உணர்வதற்கு முன், யோகச் சொற்கள் தமிழில் நடந்து வந்த வழியைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பழைய வழி

செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தது தொல்காப்பியம். வடசொல் தனக்குரிய வடவெழுத்தை நீக்கித் தமிழெழுத்தோடு பொருந்தி வரவேண்டும் என்பது அந்நூலின் விதி. வருவதை அது தடுக்கவில்லை; வருகின்ற முறையை வரையறுத்தது. இவ்விதியின் பயனை யோகத் துறையில் காண விழைவோர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தைக் காணலாம். எட்டு உறுப்புகளையுடைய யோகத்தைத் திருமூலர் அங்கே முறையாக விரிக்கிறார். 'ஆசனம்' அவரிடம் 'ஆதனம்' ஆகிறது; 'ரேசகம்' 'இரேசகம்' ஆகிறது; பதுமாசனத்தைக் குறிக்கப் 'பங்கயம்' வருகிறது. பதுமம், பங்கயம் ஆகிய இரண்டும் வடமொழி வழிவந்தனவே. எனினும் செய்யுளின் ஓசைக்கு இயைந்ததை எடுத்தாளும் உரிமையை அப்புலவர் விடவில்லை.

சில இடங்களில் சொல்லைத் தேடி வடக்கே செல்ல வேண்டிய தேவையே தமிழுக்கு நேர்ந்ததில்லை. பதஞ்சலி முனிவர் இயமம் என வகுத்த ஐந்தில் அகிம்சை, சத்தியம், அஸ்தேயம் என்பன முதல் மூன்று. இவற்றின் பொருள் திருக்குறளின் துறவறவியலில் இன்னா செய்யாமை, வாய்மை, கள்ளாமை எனத் தனித்தனி அதிகாரங்களாகவே நிற்கிறது. அஸ்தேயம் என்ற சொல்லைக் கேட்டு விழிக்கும் மாணாக்கர், கள்ளாமை என்ற அளவில் தாம் சிறுவயதிலேயே படித்த பொருள் அது என்று தெளிவர்.

ஆயினும் எல்லாச் சொல்லுக்கும் இவ்வாறு எளிதில் வழி பிறப்பதில்லை. ஆசனம் என்பது 'அமர்தல்' எனப் பொருள்படும் வடமொழி வேரினின்று பிறந்தது. அதற்கு நேரான தமிழ் 'இருக்கை'. ஆனால் இருக்கை என்றால் இன்று பேருந்தின் இருக்கையே நினைவுக்கு வருகிறது. ஆசனமோ அரியாசனம் எனத் தமிழ்ச் செய்யுளில் முன்பே குடியேறிவிட்டது. பொருள் நேராக இருந்தும் வழக்கு வேறாகிவிட்ட இடம் இது.

எழுத்தால் விளையும் மயக்கமும் உண்டு. வல்லின எழுத்துகளுள் பெரும்பாலானவை வடமொழியின் நான்கு ஒலிகளைத் தாங்குவதால், 'கபாலபாதி' என்ற மூச்சுப் பயிற்சியின் பெயரைப் படிக்கும் தமிழர்க்குப் 'பாதி' என்பது அரை என்றே படும். அங்கே அதன் பொருள் ஒளிர்தல். கபாலம் ஒளிரச் செய்யும் பயிற்சி என்பது கருத்து. 'அதோமுகம்' எனத் தொடங்கும் ஆசனப் பெயரில் 'அதோ' என்பது கீழ்நோக்கியதைக் குறிக்கும். தமிழ்ச் செவிக்கு அது சேய்மைச் சுட்டு. 'பச்சிமோத்தானாசனம்' என்பதிலுள்ள 'பச்சிமம்' மேற்றிசை. கிழக்கு நோக்கி நிற்பவர்க்கு முதுகுப்புறம் மேற்காதலின், உடலின் பின்புறம் முழுவதையும் நீட்டும் இருப்புக்கு அப்பெயர் அமைந்தது. பெயரை மனப்பாடம் செய்தவர்க்கு இவை வெற்றொலிகள். பிரித்துப் பொருள் கண்டவர்க்கு, செய்முறையையே சொல்லித்தரும் குறிப்புகள்.

ஓவர்சியரும் துண்டுத்தாள்களும்

1896ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் குறிக்கத்தக்கது. விவேகானந்தர் நியூயார்க்கில் ஆற்றிய சொற்பொழிவுகள், பதஞ்சலி சூத்திரங்களின் மொழிபெயர்ப்போடு 'இராஜயோகம்' என்னும் ஆங்கில நூலாக அவ்வாண்டில் வெளிவந்தன. அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாள், மதுரையில் பள்ளிப் படிப்பை விட்டுப் புறப்பட்ட வேங்கடராமன் என்னும் பதினாறு வயது இளைஞர் திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். பின்னாளில் இரமண மகரிஷி எனப் போற்றப்பட்டவர் அவரே.

அவர் வடமொழி கற்று வந்தவரல்லர். யோக நூல்களைப் பயின்றவரும் அல்லர். பெரியபுராணம் படித்து உருகியதுண்டு. மௌனத்தில் ஆழ்ந்திருந்த தொடக்க ஆண்டுகளில் அவருக்குத் தொண்டு புரிந்தவர் பழனிசுவாமி என்னும் மலையாள நாட்டு அன்பர். அவர் ஊரிலிருந்து தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கி வந்து எழுத்துக்கூட்டிப் படிக்க முயல்வார். அவர் இடர்ப்படுவதைக் கண்டு, நூலை வாங்கித் தாம் படித்து அதன் சாரத்தை அவருக்கு உணர்த்துவார் இளந்துறவி. தம்மிடம் முன்பே கைகூடியிருந்த நிலைக்கு நூல்கள் என்னென்ன பெயர் வழங்குகின்றன என்பதை இவ்வகையிலேயே அவர் அறிந்துகொண்டார். பிறர் சொல்லைக் கற்றுப் பொருளைத் தேடுவர். இவரிடம் முறை தலைகீழாக நிகழ்ந்தது.

விரூபாட்ச குகையில் அவர் வாழ்ந்துவந்த காலத்தில், 1900 முதல் 1902 வரை, கம்பீரம் சேஷய்யர் அவரை நாடி வந்தார். திருவண்ணாமலை நகராட்சியில் ஓவர்சியராகப் பணிபுரிந்த சேஷய்யர் இராமபக்தர்; யோகம் பயில்பவர். விவேகானந்தரின் ஆங்கில நூலைப் படித்துவந்த அவருக்குப் பல இடங்கள் விளங்கவில்லை. நூல்களைக் குகைக்கே கொண்டுவந்து ஐயம் கேட்டார். மௌனத்திலிருந்த துறவி அவற்றைப் படித்து, எளிய தமிழில் துண்டுத்தாள்களில் விளக்கம் எழுதிக் கொடுத்தார். சேஷய்யரின் மறைவுக்குப் பின் கிடைத்த அத்தாள்களின் பொருளே பிற்காலத்தில் 'விசார சங்கிரகம்' என நூல்வடிவம் பெற்றது.

இந்நிகழ்ச்சியில் மொழிகள் சென்ற பாதை வியப்புக்குரியது. பதஞ்சலியின் வடசொற்கள் நியூயார்க்கில் ஆங்கிலமாகி, அந்த ஆங்கிலம் அண்ணாமலைக் குகையில் தமிழாயிற்று. அச்சுக் கண்ட சில ஆண்டுகளுக்குள் இது நிகழ்ந்தது.

அத்தாள்களில் இரமணர் மேற்கொண்ட முறை இரண்டு படிகளை உடையது. இயமம் முதல் சமாதி ஈறாக எட்டு உறுப்புகளையும் நூல் வழக்கின்படியே பெயர் சொல்லி விளக்குவது முதற்படி. அதே சொற்களை ஞான வழிக்குரியனவாகத் திருப்பி, அகப்பொருள் காட்டுவது இரண்டாம் படி. மூச்சை வெளிவிடல் இரேசகம், உள்ளிழுத்தல் பூரகம், நிறுத்தல் கும்பகம் என்பது யாவரும் அறிந்த பொருள். ஞான வழியில் இவை வேறாகின்றன. உலகப் பொருள் ஒவ்வொன்றிலும் இருத்தல், விளங்குதல், இனித்தல், பெயர், வடிவம் என ஐந்து கூறுகள் உள்ளன என்பது வேதாந்தக் கொள்கை. இவற்றுள் பெயரையும் வடிவத்தையும் நீக்குவது இரேசகம். எஞ்சிய மூன்றையும் பற்றுவது பூரகம். பற்றியதை நழுவவிடாது நிறுத்துவது கும்பகம்.

சொல்லாராய்ச்சியில் ஈடுபடுவோர் இங்கே சற்று நின்று எண்ண வேண்டும். வெளிவிடும் மூச்சோடு வெளியேற வேண்டியவற்றுள் முதலாவது பெயர். கலைச்சொல்லைத் துல்லியமாகக் கையாண்ட ஆசிரியரே, அச்சொல்லைக் கொண்டே பெயரைக் கழற்றவும் கற்பித்தார்.

சொல் அறிந்தவரின் வினா

சேஷய்யர் வடமொழிச் சொல்லின் பொருள் அறியாது வந்தவர். 1907 நவம்பர் 18ஆம் நாள் அக்குகைக்கு வந்தவரோ சொல் முழுதும் அறிந்தவர். ஆந்திர நாட்டில் பிறந்து, 1900இல் நவத்வீபத்தில் 'காவியகண்டர்' என்னும் பட்டம் பெற்று, வடமொழிக் கவிதையில் ஒப்பாரின்றி விளங்கிய கணபதி சாஸ்திரியார் அவர். நூல்களைக் கரைகண்டு, ஆண்டுக்கணக்கில் மந்திர ஜபம் செய்தும், தவம் என்பதன் உண்மை தமக்கு விளங்கவில்லை என்று அவர் முறையிட்டார். 'தபஸ்' என்ற சொல்லின் வேரும் விகுதியும் வழக்கும் அறிந்த ஒருவரின் வினா அது. நான் என்பது எங்கிருந்து எழுகிறது என நோக்கின் மனம் அங்கே ஒடுங்கும், மந்திரத்தின் ஒலி எங்கிருந்து எழுகிறது என நோக்கினும் அவ்வாறே ஒடுங்கும், அதுவே தவம் என்ற கருத்துப்பட இரமணர் தமிழில் விடையிறுத்தார். அவருக்கு 'பகவான் ஸ்ரீ ரமண மகரிஷி' என்னும் பெயரைச் சூட்டியவர் இச்சாஸ்திரியாரே.

இருவர் வினாவையும் ஒருங்கு வைத்துக் காணின் ஓர் உண்மை புலனாகும். வடசொல் தெரியாமையும் தடையாகலாம். வடசொல் தெரிந்துவிட்டது என்ற நிறைவும் தடையாகலாம். இரண்டையும் நீக்க உதவியது எளிய தமிழ்.

இதனால் தமிழ் மட்டுமே பயன் கொண்டது என்று கருதிவிடலாகாது. 1913 முதல் 1917 வரை அன்பர்கள் கேட்ட வினாக்களுக்குக் கிடைத்த விடைகளைக் காவியகண்டர் 18 அதிகாரங்களும் 300 சுலோகங்களும் கொண்ட 'ஸ்ரீ ரமண கீதை'யாக வடமொழியில் யாத்தார். நூல்களைப் படித்தே வடமொழிப் பயிற்சி பெற்ற இரமணரும் 1915இல் இதயக் குகையைப் பற்றி ஒரு வடமொழிச் சுலோகம் இயற்றினார். தமிழ்க் குகையில் தெளிந்த பொருள் வடமொழிக்குச் சென்ற காலம் அது. தனித்தமிழ் இயக்கம் 1916இல் தோன்றியதும் அக்காலத்திலேதான் என்பது நினைக்கத்தக்கது. அவ்வியக்கத்தின் தலைவர் மறைமலையடிகளும் யோகத் துறையில் நூல் எழுதியபோது, 'யோக நித்திரை' என்ற பெயரோடு 'அறிதுயில்' என்ற அழகிய தமிழ்ச்சொல்லையும் சேர்த்தே நூலுக்குப் பெயரிட்டார்.

உந்தியாரும் சாரமும்

இரு மொழிகளும் ஒருவர் கையில் ஒன்றாக இயங்கியதை 1927இல் காண்கிறோம். தாருகாவனத்து முனிவர் கதையைப் பாடிவந்த முருகனார், சிவபெருமானின் உபதேசப் பகுதியை இரமணரே பாடித் தரவேண்டும் என்று வேண்டினார். மகளிர் விளையாட்டுப் பாட்டாகிய உந்தியார் வடிவில் முப்பது பாடல்கள் பிறந்தன. அவற்றைப் பின்னர்த் தெலுங்கிலும் வடமொழியிலும் மலையாளத்திலும் அவரே ஆக்கினார். தமிழில் 'உபதேச உந்தியார்', வடமொழியில் 'உபதேச சாரம்'.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படித்தல் கவிஞர்க்குப் பெரும்பயன் தரும். மூச்சை அடக்க மனம் வலையில் பட்ட பறவைபோல் அடங்கும் என்பது இரண்டிலும் வரும் கருத்து. வடமொழியில் 'வாயு' என்றவர் தமிழில் 'வளி' என்கிறார். ஆனால் அவ்வடக்கத்தின் இரு வகைகளைப் பிரித்துக் காட்டும் இடத்தில் 'இலயம்', 'நாசம்' என்ற வடசொற்களையே தமிழ்ப் பாட்டிலும் வைக்கிறார். இலயத்தில் அடங்கிய மனம் மீண்டும் எழும், நாசமுற்றது எழாது. இந்த வேறுபாடு நூல் வழக்கில் அப்பெயர்களால் நிலைபெற்றிருப்பதால் பெயர்களை மாற்றாது விட்டார். இரண்டையும் தழுவிய பொதுச்சொல்லாக 'ஒடுக்கம்' என்ற தமிழ்ச்சொல்லை அமைத்தார். எது பொதுவோ அது தமிழில் நிற்கிறது. எது துறைக்குரிய குறியீடோ அது வந்தபடி நிற்கிறது. கலைச்சொல் ஆக்கத்துக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடைப்பது அரிது.

இன்றைய கடன்

யோகம் பின்னர் உடற்பயிற்சியாகப் பரவிய காலத்தில் சொற்பெருக்கமும் மிகுந்தது. மைசூர் அரண்மனையின் ஆதரவில் யோகம் கற்பித்த திருமலை கிருஷ்ணமாசாரியர் 1934இல் 'யோக மகரந்தம்' என்னும் நூலைக் கன்னடத்தில் வெளியிட்டார். 1938இல் அது தமிழில் வந்தது. பின்னர் அவர் சென்னையில் குடியேறி, 1989இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். அவர் மரபில் ஆசனப் பெயர்கள் வடமொழியிலேயே நிலைத்தன. மறுபுறம் வேதாத்திரி மகரிஷி தம் பயிற்சிமுறைக்கு 'மனவளக்கலை' எனத் தமிழ்ப்பெயர் சூட்டி ஊர்தோறும் பரப்பினார். இரு வழியும் பலரைச் சென்றடைந்தன. ஆகவே வடசொல்லாலோ தமிழ்ச்சொல்லாலோ மட்டும் ஒரு பயிற்சி சிறந்ததாகவோ தாழ்ந்ததாகவோ ஆவதில்லை என்பது தெளிவு.

இன்று அண்ணாமலையைச் சூழ்ந்த பகுதிகளில் பல நாட்டவர் யோகம் பயில்கின்றனர். ஜெர்மானியரும் தமிழரும் ஒரே கூடத்தில் அமரும்போது 'பிராணாயாமம்' என்ற சொல் இருவர்க்கும் பொதுவாகிறது. வடசொல்லை ஆசிரியர் திருத்தமாகக் கற்க வேண்டியது அதனால் கட்டாயமாகிறது. ஆனால் கற்பிப்பவரின் கடன் அத்துடன் முடிந்துவிடுவதில்லை. 'பிரத்தியாகாரம்' என்று சொன்னபின், வெளியே ஓடும் புலன்களைத் திரும்பக் கொணர்தல் என்று தம் மொழியில் சொல்லத் தெரிய வேண்டும். சொன்னபின் செய்து காட்டவும் தெரிய வேண்டும்.

சேஷய்யர் கொண்டுவந்த ஆங்கில நூலைக் குகைத் துறவி மறுக்கவில்லை. அதிலிருந்த வடசொற்களை அழிக்கவுமில்லை. கேட்டவர்க்கு விளங்கும்வரை, ஒரு தாள் போதாவிடின் மற்றொரு தாளில், தமிழில் எழுதினார். ஒரு சொல் ஒரு மொழிக்கு உரியதாகிவிட்டதா என அறிய அகராதியைப் புரட்டுவது ஒரு வழி. அச்சொல்லை ஓர் எளிய மனிதர்க்கு அம்மொழியில் விளக்க முடிகிறதா எனப் பார்ப்பது மற்றொரு வழி. அண்ணாமலை காட்டிய வழி இரண்டாவது.