பாத்திக் துணியும் ஓவியரின் பொழுதும்: சோழமண்டலக் கலைஞர் கிராமத்தின் தொடக்க ஆண்டுகள்

சென்னைக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கத்தில் 1966ஆம் ஆண்டு உருவான சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைக் கே.சி.எஸ். பணிக்கர் என்னும் ஆசிரியரின் ஆளுமை ஈன்ற குழந்தையாகக் காண்பதே பெருவழக்கு. அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் ஆளுமை மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட இளங்கலைஞர்களுக்குச் சோறிட்டிருக்க இயலாது. அரசு மானியமோ தனிப்புரவலரோ இன்றி அவர்கள் ஓரிடத்தில் வாழ்ந்து வரைவதற்கு வழிசெய்த பொருளாதார ஏற்பாடு எது, அது யாரைத் தாங்கிற்று, யாரைத் தாங்கவில்லை என்பதையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

சென்னை ஓவியப் பள்ளி 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவரால் தொடங்கப்பெற்றது. கைத்தொழில் பயிற்சியே அதன் முதல் நோக்கம். 1929இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பின்னரே ஓவியமும் சிற்பமும் அங்குத் தனித்தகுதி பெற்றன. 1957இல் அவரை அடுத்துப் பணிக்கர் தலைமை ஏற்றார். அவருடைய காலத்தில் பயின்று வெளியேறிய மாணவர்களின் முன்னிருந்த வழிகள் மிகச் சிலவே: பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை, விளம்பர நிறுவனம், திரைப்படத்துறை, நெசவாளர் சேவை மையம். ரெட்டப்ப நாயுடு போன்ற தேர்ந்த ஓவியர்களே அம்மையத்தில் துணிகளுக்கு வடிவமைத்துக் கொடுத்து வாழ்ந்தனர். பம்பாயில் 1947இல் கூடிய முற்போக்குக் கலைஞர் குழுவினருக்கு ஐரோப்பாவிலிருந்து வந்து தங்கியிருந்த சில சுவைஞர்கள் படங்களை வாங்குபவர்களாகவும் எழுதுபவர்களாகவும் துணைநின்றனர். சென்னையில் அத்தகைய வட்டம் இல்லை. கச்சேரிக்குச் சீட்டு வாங்கும் நகரம் ஓவியத்தைச் சுவரில் மாட்டப் பழகவில்லை என்று கூறினும் மிகையாகாது.

பணிக்கர் முன்னின்று 1944இல் தோன்றிய முற்போக்கு ஓவியர் சங்கம் இக்குறையின் ஒரு பாதியைத் தீர்த்தது. சங்கம் நடத்திய கண்காட்சிகள் இளையவர்களின் படைப்புகளைப் பொதுமக்கள் முன் வைத்தன. 1961இல் தொடங்கிய 'ஆர்ட்ரெண்ட்ஸ்' என்னும் இதழ் அவர்களைப் பற்றிய பேச்சை உருவாக்கிற்று. ஆயின் காட்சிப்படுத்துதல் வேறு, தாங்குதல் வேறு. கண்காட்சி முடிந்த மறுநாள் விற்காத படங்களோடு வீடு திரும்பும் இளைஞர் மூன்றாம் மாதம் வேறு வேலை தேடிச் செல்வார். பல தலைமுறை மாணவர்கள் இவ்வாறே கலையைக் கைவிட்டனர். பணிக்கரும் இந்நெருக்கடியை அறியாதவரல்லர். குடும்பச் சூழலால் படிப்பை நிறுத்தித் தந்தித்துறையில் பணியாற்றிய பின்பே, ஏறத்தாழ இருபத்தைந்தாம் வயதில், அவர் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார்.

1960களின் தொடக்கத்தில் கைவினைக் கலைஞர் சங்கம் என்னும் அமைப்பு இவ்விடத்திலேதான் வருகிறது. ஓவியம் வாங்காதவர் துணி வாங்குவார் என்னும் எளிய கணக்கே அதன் அடிப்படை. உருக்கிய மெழுகால் துணியில் கோலமிட்டு, சாயத்தில் தோய்த்து, வெந்நீரில் மெழுகை அகற்றும் பாத்திக் முறை இளம் ஓவியர்களுக்கு எளிதில் கைவந்தது. பெருமுதல் வேண்டா, அடுப்பு, மெழுகு, சாயத்தொட்டி, தூரிகை ஆகியன போதும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து உண்டாகும் நுண்கோடுகள் ஒவ்வொரு துணிக்கும் தனித்தன்மை தந்தன. இத்துணிகளின் விற்பனை எதிர்பார்த்ததினும் சிறப்பாக அமைந்தது. அதில் திரண்ட பணமே பத்து ஏக்கருக்குட்பட்ட அந்த மணற்பரப்பை வாங்குவதற்கு அடிப்படையாயிற்று. பின்னர் உலோகம், தோல், மட்பாண்டம் எனக் கைவினைகள் விரிந்தன.

இவ்வேற்பாட்டின் நுட்பம் வருவாயில் மட்டும் இல்லை. பொழுதைப் பிரித்த முறையில் உள்ளது. நாளின் ஒரு பகுதியைக் கைவினைக்குக் கொடுத்தவர் எஞ்சிய பகுதியைத் தம் ஓவியத்துக்கென வைத்துக்கொண்டார். படம் விற்றாக வேண்டும் என்னும் கட்டாயம் நீங்கியதால் வாங்குபவரின் விருப்பத்துக்கேற்ப வரைய வேண்டிய தேவையும் நீங்கிற்று. கைவினை கலையை மலினப்படுத்தும் என்ற அச்சம் அன்றும் இருந்தது, இன்றும் ஆய்வரங்குகளில் எழுகிறது. சென்னைக் கலைஞர்களைப் பொறுத்தவரை அவ்வச்சம் பொருந்தவில்லை என்பதே என் கருத்து. கோட்டுக்கு அவர்கள் அளித்த முதன்மை, தகட்டை வளைத்துப் பற்றவைத்து எஸ். நந்தகோபால் ஆக்கிய முன்முகச் சிற்பங்களின் அணிநுட்பம் ஆகியவற்றைக் கைவினைப் பட்டறையிலிருந்து பிரித்துப் பார்ப்பது கடினம். எஸ்.ஜி. வாசுதேவ் 1970இல் வெளிவந்த 'சம்ஸ்காரா' என்னும் கன்னடத் திரைப்படத்தின் கலை இயக்கத்தை ஏற்றதும் இத்தகைய பல்துறைப் பழக்கத்தின் நீட்சியே.

இச்சமூகத்தின் வலிமையையும் எல்லையையும் ஒருங்கே காட்டுபவர் கே. ராமானுஜம் (1941–1973). பேச்சுத்தடையும் உளத்துன்பமும் உடையவர். பிற நிறுவனம் எதிலும் அவர் நிலைத்திருப்பார் என்று எண்ண இடமில்லை. பணிக்கர் அவருடைய கனவுலகை அடையாளங்கண்டு, திருத்தாமல் விட்டார். கோபுரங்கள், நாகங்கள், சிறகுடைய உருவங்கள், அவற்றினிடையே தொப்பியணிந்த தம் உருவம் என மையால் அவர் நிறைத்த தாள்கள் கிராமத்தில் இருந்தமையாலேயே சாத்தியமாயின. சென்னைக் கன்னிமாரா விடுதிக்குப் பெரிய ஓவியம் வரையும் வாய்ப்பும் சக கலைஞர்களின் துணையோடு கிட்டிற்று. ஆயினும் முப்பத்திரண்டு வயதளவில், அக்கிராமத்திலேயே, அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். கூரையும் பணியிடமும் தோழமையும் கிடைத்த பின்னரும் எஞ்சிய தனிமைக்கு அந்த ஏற்பாட்டில் விடை இருக்கவில்லை. இம்மரணத்தைக் 'கலைஞனின் பித்து' என்று அழகுபடுத்தும் போக்கு ஏற்கத்தக்கதன்று. மனநல மருத்துவம் எளிதில் எட்டாத காலத்தில் நண்பர்கள் மட்டுமே ஒருவரைத் தாங்க முயன்றதன் வரலாறாகவே அது எழுதப்பட வேண்டும்.

வேறு எல்லைகளும் உண்டு. தொடக்கக் குழுவில் பெண்கள் மிகச் சிலரே: ஓவியத்தில் அர்னவாஸ், சிற்பத்தில் அனிலா ஜேக்கப். அதே ஓவியப் பள்ளியில் பயின்று வெளிவந்த பெண்களின் தொகையோடு இதனை ஒப்பிட்டு ஆராய்வது தனியே ஒருவர் செய்யத்தக்க பணி. இரண்டாவது சிக்கல் நிலத்தோடு தொடர்புடையது. மனையும் வீடும் கலைஞர்களுக்கே உரிமையானமை அவர்களுக்கு வாடகை அச்சமற்ற வாழ்வைத் தந்தது. அதே உரிமை, அடுத்த தலைமுறை நுழைவதற்கான வாயிலைக் குறுக்கியது. கிழக்குக் கடற்கரைச் சாலை விரிந்து மனைவிலை உயர்ந்த பின்னர், பாத்திக் விற்று நிலம் வாங்கும் கணக்கு எந்த இளைஞருக்கும் கைகூடாததாயிற்று. முதல் தலைமுறையினர் முதுமை எய்தியபோது, இளமைக்கென அமைந்த கிராமம் அவர்களுடனேயே முதிர்ந்தது.

பணிக்கர் 1977இல் மறைந்தார். 2009இல் கிராம வளாகத்தில் தற்காலக் கலை மையம் திறக்கப்பட்டு, சென்னை இயக்கத்தின் படைப்புகளுக்கான அருங்காட்சியகம் நிலைபெற்றது. அவ்வளாகத்தில் வாடகைக்குக் கிடைக்கும் காட்சிக்கூடங்களும் உள்ளன. முன்பு பொழுதையும் கூரையையும் அளித்த கிராமம், வெளியிலிருந்து வரும் இளையவருக்கு இப்போது சில நாள்களுக்குச் சுவரை அளிக்கிறது. 1944இல் சங்கம் செய்துவந்ததும் அதுவே.