எடிட்டர் சொஃப்ட்வெயர் மாறினா பழைய கலியாண வீடியோவுக்கு என்ன நடக்கும்?

புளியந்தீவில நாங்க அடிக்கடி போய் இருக்கிற ஒரு வீடியோ ஸ்டூடியோவில மூண்டு கொம்பியூட்டர் இருக்கு. ரெண்டு புதுசு. மூண்டாவது பழசு. அதுக்கு இன்டர்நெட் குடுக்கிறல்ல, அப்டேட் போடுறல்ல, வேற ஆக்களைத் தொட விடுறதும் இல்ல. பழைய எடியஸ் வேலையெல்லாம் அதிலதான் திறக்கும் எண்டு ஸ்டூடியோக்கார அண்ணன் சொன்னார். இப்ப அவருக்கு ஒரு யோசனை: பிரீமியர் புரோவிலயே இருக்கிறதா, டாவின்சி ரிசோல்வுக்கு மாறுறதா? எங்களிட்டயும் கேட்டார்.

இப்பிடிக் கேட்டா எது வேகம், எது விலை குறைவு எண்டுதான் எல்லாரும் கதைப்பாங்க. நாங்களும் அப்பிடித்தான் தொடங்கினோம். மறுகா எடிட்டர்மார் மாறின பழைய கதைகளைத் தேடி வாசிச்சபோது வேற ஒண்டு தெரிஞ்சுது. புதுப் பட்டன்களைப் பழக ஒரு மாசம், ரெண்டு மாசம் போதும். மாறும்போது உண்மையில கையை விட்டுப் போறது பழைய வேலை.

காரணம் புரொஜெக்ட் ஃபைல். அதுக்குள்ள வீடியோ இல்ல. எந்தத் துண்டை எங்கயிருந்து எங்கவரை எடுத்தது, எதுக்குப் பின்னால எது, என்ன எழுத்து, என்ன நிறம் எண்ட குறிப்புத்தான் இருக்கும். அந்தக் குறிப்பை ஒவ்வொரு கம்பனியும் தன்ர பாசையில எழுதுது. மற்றவனுக்கு அது விளங்காது.

வெறும் எழுத்தில ஒரு பட்டியல்

எப்பவும் இப்பிடி இருக்கல்ல. டேப்பில வெட்டின காலத்தில, 1971 இல் அமெரிக்காவில தொடங்கின சி.எம்.எக்ஸ் எண்ட கம்பனியின் கருவிகள் பெரிய தொலைக்காட்சி நிலையங்களில் இருந்தன. வெட்டு விபரத்தை அவை ஒரு பட்டியலாக எழுதின. அதுதான் ஈ.டி.எல். டேப்பின் பெயர், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அது போய்ச் சேரும் இடம். அவ்வளவுதான். நோட்பேடில திறந்து கண்ணால வாசிக்கலாம். அந்தக் கம்பனி இண்டைக்கு இல்ல. ஆனா சி.எம்.எக்ஸ் 3600 எண்ட அந்தப் பட்டியல் வடிவத்தை பிரீமியரும் ரிசோல்வும் இன்னும் எழுதுது, வாசிக்குது.

1989 இல் அவிட் வந்தது. டேப்பை ஓட்டி ஓட்டித் தேடாமல், எந்த இடத்தையும் உடனே எடுத்து முன்னுக்குப் பின்னாக மாற்றலாம் எண்ட வசதி வந்தது. தமிழ் சினிமாவுக்கு அவிட்டைக் கொண்டுவந்த படம் எண்டு கமல்ஹாசனின் 'மகாநதி'யை (1994) சொல்லுவாங்க. ஹொலிவூட்டில வோல்டர் மேர்ச், 'தி இங்கிலிஷ் பேஷன்ட்' படத்தை பிலிம் சுருளில வெட்டத் தொடங்கி, பாதியில அவிட்டுக்கு மாறினார். 1997 இல் அந்தப் படத்தொகுப்புக்கு ஒஸ்கார் கிடைச்சது. கொம்பியூட்டரில தொகுத்த படம் ஒண்டு அந்த விருதை எடுத்தது அதுதான் முதல் தடவை.

ஆனா அவிட் பல்லாயிரம் டொலர். 1999 இல் அப்பிள் கம்பனி பைனல் கட் புரோவை 999 டொலருக்கு விட்டது. அதைச் செய்த ரண்டி யுபிலோஸ்தான் முதல்ல அடோபி பிரீமியரையும் செய்தவர். ஒரே ஆளின் கையில பிறந்த ரெண்டு சொஃப்ட்வெயர், ஒண்டின் ஃபைலை ஒண்டு நேரா வாசிக்காது! மேர்ச் மறுபடியும் மாறினார். 'கோல்ட் மவுன்டன்' (2003) படத்தை பைனல் கட்டில தொகுத்தார். பிறகு சின்ன ஸ்டூடியோக்களும் கல்லூரிகளும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன.

2011 ஜூன் 21

எடிட்டர்மாரின் வரலாற்றில இந்தத் திகதி முக்கியம். அப்பிள் 'பைனல் கட் புரோ எக்ஸ்' எண்ட புதுச் சாமானை 299.99 டொலருக்கு வெளியிட்டது. பழைய பைனல் கட் 7 விற்பனையை அதோட நிறுத்தியது. புதுசு பழைய புரொஜெக்ட்டுகளைத் திறக்கல்ல. ஈ.டி.எல் எழுதல்ல. வேற சொஃப்ட்வெயருக்குக் கொண்டுபோற எக்ஸ்.எம்.எல் வழியும் முதல் நாளில இல்ல. பல கமராக்களை ஒண்டாக வெட்டுற வசதியும் இல்ல.

அதுக்கு நாலு மாசத்துக்கு முதல்தான் பைனல் கட்டில தொகுத்த 'தி சோஷல் நெட்வேர்க்' ஒஸ்கார் வாங்கியிருந்தது. தங்களை நம்பி உச்சிக்குப் போன ஆக்களுக்கு அப்பிள் பின்கதவைப் பூட்டின மாதிரித்தான் பலருக்கு இருந்தது. ஒரு மாசத்துக்குள்ள அடோபி, பைனல் கட்டிலயிருந்து வாறவங்களுக்குப் பாதி விலை எண்டு அறிவிச்சது. அவிட்டும் விலையைக் குறைச்சது.

அப்பிள் குறைகளைத் திருத்தாமல் விடல்ல. சில மாசத்தில எக்ஸ்.எம்.எல் வந்தது, 2012 ஜனவரியில பல கமரா வசதி வந்தது. ஆனா நம்பிக்கை கிறுகி வரல்ல. 'சோஷல் நெட்வேர்க்' எடிட்டர்மாரான கேர்க் பெக்ஸ்டரும் அங்கஸ் வோலும் இருந்த டேவிட் பிஞ்சரின் குழு, 'கோன் கேர்ள்' (2014) படத்துக்கு பிரீமியருக்குப் போனது. தென்கொரியாவில யாங் ஜின்-மோ மாறவே இல்ல. 2019 இல் வந்த 'பரசைட்' படத்தை அவர், விற்பனை நிறுத்தப்பட்ட பைனல் கட் 7 இலேயே தொகுத்தார். அதுக்காக அவருக்கும் பழைய கொம்பியூட்டர் தேவைப்பட்டது, எங்கட அண்ணனைப் போலவே.

எங்கட ஊர்ப் பூட்டுகள்

எங்கட பக்கத்துக் கலியாண ஸ்டூடியோக்களுக்கு அப்பிள் எட்டாத விலை. சாதாரண விண்டோஸ் கொம்பியூட்டரில ஓடுற எடியஸ்தான் வேலைக்காரன். ஜப்பானின் கனோப்பஸ் கம்பனி செய்தது, பிறகு கிராஸ் வெலி கைக்குப் போனது. வெவ்வேறு கமரா வீடியோக்களை ஒரே வரிசையில போட்டாலும் திணறாமல் ஓடும். தாலி கட்டு, வரவேற்பு, சாமத்தியவீடு எண்டு செய்து வச்ச எடியஸ் புரொஜெக்ட்டுகள் இந்தியாவிலயிருந்து டிவிடியில வரும். படத்தையும் பெயரையும் மாத்தினாச் சரி. அந்த டிவிடிகளில காசு போட்ட ஸ்டூடியோ, எடியஸை விட்டா அதையெல்லாம் விடவேணும்.

ரெண்டாவது பூட்டு தமிழ். எடிட்டிங் சொஃப்ட்வெயர்களில யுனிகோட் தமிழைப் போட்டா கொம்பும் கால்களும் இடம் மாறி நிண்ட காலம் நீளமானது. அதனால எல்லாரும் பாமினி எழுத்துருவிலதான் பெயர் போட்டாங்க. பாமினியில 'மணமக்கள்' எண்டு அடிச்சா, உள்ளுக்குப் பதியிறது ஆங்கில எழுத்துகளின் ஒரு கோர்வை; மேல தமிழ்ச் சட்டை போட்டிருக்கும். எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில திறந்தா சட்டை கழண்டிடும். இப்ப பிரீமியரில தெற்காசிய எழுத்துக்கெண்டு தனியா ஒரு தெரிவு இருக்கு. அதைப் போட்டா யுனிகோட் தமிழ் சரியா வரும். ஆனா பாமினியில போட்ட பழைய பெயர்கள் தானா மாறாது.

மூண்டாவது பூட்டு காசு. 2013 இல் அடோபி, இனிப் புதுப் பதிப்புகளை விலைக்கு விற்கமாட்டம், வாடகைக்கு மட்டுந்தான் எண்டது. எங்கட ஊரில காசு குடுத்து எடுத்தவங்க எத்தனை பேர் எண்டு கேட்டா சிரிப்புத்தான் வரும். ஆனா களவு கொப்பியிலயும் பூட்டு இருக்கு: புதுப் பதிப்பில சேமிச்ச பிரீமியர் புரொஜெக்ட் பழைய பதிப்பில திறக்காது. நேர்மையா வாடகை கட்ட வெளிக்கிட்டவங்களை 2022 பிடிச்சது. மாதம் 20.99 டொலர் எண்ட அமெரிக்க விலை, வருசத் தொடக்கத்தில 4,200 ரூபா அளவில. மே மாசம் டொலர் 360 ஐத் தொட்டபோது அது 7,500 க்கு மேல. மார்ச் முடிவில 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாளிலயும் வாடகை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அதனாலதான் எல்லாரும் ரிசோல்வைப் பார்க்கிறாங்க. ஒரு காலத்தில லட்சக்கணக்கான டொலருக்கு வித்த நிறம் திருத்துற கருவி அது. 2009 இல் பிளக்மேஜிக் டிசைன் கம்பனி வாங்கி, 2011 இல் இலவசப் பதிப்பும் விட்டது. இப்ப அதில முழு எடிட்டிங்கும் செய்யலாம். நல்ல கிரபிக்ஸ் கார்ட் கேட்கும், அது ஒரு செலவு. இன்னொண்டு கவனிக்கவேணும்: ரிசோல்வ் வேலையைத் தனி ஃபைலா வைக்கிறல்ல, தன்ர தரவுத்தளத்துக்குள்ள வைக்குது. அது தெரியாமல் சி டிரைவை ஃபோர்மட் அடிச்சா வேலை முழுக்கப் போயிரும். இலவசமும் ஒரு பூட்டோடதான் வருது.

அண்ணனுக்கு நாங்க சொன்னது

மாறலாம், மாறாமலும் இருக்கலாம். எது எண்டாலும், பாதியில நிக்கிற வேலையைப் பழையதிலயே முடிச்சிட்டு, புது வேலையைப் புதுசில தொடங்கவேணும். அந்தப் பழைய கொம்பியூட்டர் உயிரோட இருக்கும்போதே ஒவ்வொரு புரொஜெக்ட்டா திறந்து, முழு வீடியோவாக நல்ல தரத்தில வெளிய எடுக்கவேணும். வெட்டாத மூல வீடியோவை அழிக்கப்படாது. ஈ.டி.எல் அல்லது எக்ஸ்.எம்.எல் ஒண்டு எழுதி அதோட வைக்கவேணும். ஈ.டி.எல் எழுத்தையும் நிறத்தையும் கொண்டுபோகாது, வெட்டை மட்டுந்தான் காப்பாற்றும். அதனால பெயர், ஊர், திகதியை யுனிகோட் தமிழில ஒரு சாதாரண எழுத்து ஃபைலா பக்கத்தில போடவேணும்.

ஒரு கலியாண வீடியோவுக்கு ஏன் இவ்வளவு பாடு எண்டு கேட்கலாம். 2004 டிசம்பர் 26 க்கு முதல் நாவலடி, திருச்செந்தூர், டச்பார் பக்கம் நடந்த கலியாண வீடியோக்களில பந்தி பரிமாறின, ஆரத்தி எடுத்த, கமராவைக் கண்டு ஒளிஞ்ச எத்தனையோ பேர் இண்டைக்கு இல்ல. வீடுகளில இருந்த ஆல்பமும் கேசட்டும் கடலோட போயிற்று. அந்த முகங்களின் இன்னொரு கொப்பி எங்கயாவது இருந்தா, அது ஏதோ ஒரு ஸ்டூடியோ அலுமாரியின் மினி டிவி டேப்பிலயோ, இப்பிடி ஒரு பழைய கொம்பியூட்டரிலயோதான் இருக்கும். எங்கட ஊருக்கு ஆவணக் காப்பகம் எண்டு இருக்கிறதில பெரிய பங்கு இந்த ஸ்டூடியோக்கள்தான்.

உங்கட வீட்டுக் கலியாணத்தை எடுத்த ஸ்டூடியோவில இந்தக் கிழமை ஒருக்கா போய்க் கேட்டுப் பாருங்க: எங்கட வீடியோ இன்னும் திறக்குதா அண்ணன்?