ஒன்பது நிமிடங்களில் மறைந்த பொன்

"கள்ளன் பெரிதா, காப்பான் பெரிதா?" என்று நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்பதுண்டு. காப்பான் விழித்திருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை என்று சிறுவயதில் நினைத்திருந்தேன். ஆனால் இக்காலத்துக் காப்பான் வாசலில் நிற்பதில்லை. எங்கோ தொலைவில், ஒரு கம்பியின் மறுமுனையில் இருக்கிறான். அந்தக் கம்பியையே அறுத்துவிட்டால் என்ன செய்வது? நாம் வாழும் இந்த ஜேர்மனியில் நடந்த ஒரு களவு இந்தக் கேள்வியை எழுப்பியது. அதன் வரலாற்றை நம் சங்க அன்பர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மியூனிக் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் மன்ஷிங் என்ற சிற்றூர் இருக்கிறது. இன்று அது இங்கோல்ஸ்டாட் நகரை அடுத்த அமைதியான ஊர். ஆனால் கிறிஸ்துவுக்கு முற்பட்ட கடைசி மூன்று நூற்றாண்டுகளில் அது கெல்த்தியரின் பெருநகரங்களுள் ஒன்று. பரப்பு ஏறத்தாழ 380 ஹெக்டேயர். சுற்றிலும் 7 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட மதில். உள்ளே 5,000 முதல் 10,000 மக்கள் வரை வாழ்ந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கணிப்பு. காலத்தால் நம் சங்க காலத்தோடு ஓரளவு ஒட்டி வருவது இந்நகர். கி.மு. 15இல் உரோமப் படைகள் இந்நாட்டுக்குள் வந்தபோது அது ஏற்கனவே தேய்ந்து போயிருந்தது.

இந்த மக்கள் தம்மைப் பற்றி எழுதி வைத்தது மிகக் குறைவு. நமக்கிருப்பதுபோல் பாட்டும் உரையும் அவர்களுக்கு எஞ்சவில்லை. எனவே மண்ணிலிருந்து கிடைக்கும் பொருள்தான் அவர்களுடைய ஏடு. 1999இல் அங்கு அகழ்வு செய்தவர்கள் அத்தகைய ஏடு ஒன்றைக் கண்டெடுத்தார்கள். 483 பொற்காசுகளும், காசாக வார்க்கப்படாத ஒரு பொற்கட்டியும் சேர்ந்து கிடந்தன. மொத்த நிறை ஏறத்தாழ 3.7 கிலோகிராம். கடந்த நூற்றாண்டில் கிடைத்த கெல்த்தியப் பொற்புதையல்களுள் இதுவே மிகப் பெரியது என்றார்கள். காசுகள் கி.மு. 100ஆம் ஆண்டை அண்டியவை. பொன்னும் உள்ளூர்ப் பொன் அல்ல. இன்றைய செக் நாட்டுப் பகுதியான பொஹிமியாவிலிருந்து வந்தது என்று கண்டார்கள். அக்கால வணிகத்துக்கு அது ஒரு சாட்சி.

இக்காசுகள் தட்டையானவை அல்ல, சிறு கிண்ணம்போல் குழிந்தவை. இந்நாட்டுக் கமக்காரர் இத்தகைய காசுகளை "வானவில் கிண்ணங்கள்" என்று அழைத்தார்கள். மழை விட்டபின் உழுத வயலில் அவை மின்னும். வானவில் மண்ணைத் தொட்ட இடத்தில் விழுந்தவை என்று நம்பினார்கள். நோய் தீர்க்கும் வல்லமையும் அவற்றுக்கு உண்டென்று எண்ணினார்கள். வைத்தியனாகிய எனக்கு அந்த நம்பிக்கை புன்னகையையே தந்தது. ஆனாலும், 2018 கோடை விடுமுறையில் குடும்பத்துடன் அந்த நூதனசாலைக்குச் சென்றபோது, அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன் நெடுநேரம் நின்றுவிட்டேன். நோயாளி ஒருவர் தம் கதையை மெல்லச் சொல்வதைக் கேட்பதுபோல் இருந்தது.

அந்த நூதனசாலை 2006இல் திறக்கப்பட்டது. பொருள் எந்த மண்ணில் கிடைத்ததோ அந்த மண்ணிலேயே அதைக் காட்ட வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் எழுந்தது. ஆனால் இரவில் அங்கு காவலாள் இல்லை. எச்சரிக்கைக் கருவி போதுமென்று கருதப்பட்டது.

2022 நவம்பர் 22ஆம் திகதி அதிகாலை 1.17 மணியளவில், இங்கோல்ஸ்டாட் பகுதியில் தொலைபேசிக் கம்பிகள் வெட்டப்பட்டன. ஏறத்தாழ 13,000 வீடுகளில் தொலைபேசியும் இணையமும் நின்றன. 1.26க்குக் கள்வர் கதவை உடைத்து உள்ளே வந்தார்கள். 1.35க்கு வெளியேறினார்கள். ஒன்பது நிமிடங்கள்! கருவிகள் இவற்றையெல்லாம் பதிவு செய்தன. ஆனால் செய்தியைக் கொண்டுபோகக் கம்பி இல்லை. காலையில் வேலைக்கு வந்தவர்கள்தான் உடைந்த பெட்டியைக் கண்டார்கள்.

என் தொழிலிலிருந்து ஒன்று சொல்ல அனுமதியுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளியின் நெஞ்சோடு இணைத்த கம்பி ஒன்று கழன்றால், கருவி மௌனமாகாது, உடனே கத்தும். "எனக்கு எதுவும் தெரியவில்லை" என்பதே அங்கு ஆபத்துச் செய்தி. தாதி ஓடி வருவார். பெரும்பாலும் கம்பி மட்டுமே கழன்றிருக்கும். இருந்தாலும் ஓடி வருவதுதான் முறை. மன்ஷிங்கில் மௌனம் நலமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. இந்தக் களவின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

2023 யூலையில் நால்வர் கைது செய்யப்பட்டார்கள். அப்போது 18 சிறு பொற்கட்டிகள் அகப்பட்டன. அவற்றின் உலோகக் கலவை புதையலின் கலவையோடு ஒத்திருந்தது. ஒவ்வொரு கட்டியும் ஏறத்தாழ நான்கு காசுகளை உருக்கியது. அதாவது எழுபது காசுகள்வரை அழிந்துவிட்டன. 2025 யூலையில் இங்கோல்ஸ்டாட் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூவர் இக்களவுக்குக் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்; நான்காமவர் வேறு களவுகளுக்காகத் தண்டிக்கப்பட்டார். தண்டனைகள் நாலே முக்கால் ஆண்டு முதல் பதினொரு ஆண்டு வரை. மீதிக் காசுகள் அப்போதும் கிடைத்திருக்கவில்லை.

இந்தப் புதையலின் சந்தை மதிப்பு பதினைந்து இலட்சம் யூரோவுக்கு மேல் என்றும், உருக்கினால் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் யூரோ மட்டுமே தேறும் என்றும் கணித்தார்கள். கள்வரும் அறிவார்கள், பெயர் பெற்ற காசை விற்க முடியாது என்று. ஆகவே உருக்கினார்கள். இரண்டாயிரம் ஆண்டுகள் நிலைத்த ஏட்டின் பக்கங்கள் சில்லறைப் பொன்னாயின.

இங்கே நம் தெய்வ வடிவம் ஒன்றின் கதை நினைவுக்கு வருகிறது. காஷ்மீரத்தில் களவுபோன பத்தாம் நூற்றாண்டுத் துர்க்கையின் சிலை, ஸ்ருட்கார்ட் நகரின் லிண்டன் நூதனசாலைக்கு விலையாக வந்து சேர்ந்தது. 2015 ஒக்ரோபரில் ஜேர்மனியின் அதிபர் மேர்க்கல் அம்மையார் அதனை இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுத்தார். உருவம் அழியாதிருந்ததால் தேவி தன் நாடு திரும்பினாள். உருக்கிய காசுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சட்டம் கள்வனைப் பிடிக்கலாம். உருவத்தை மீட்டுத் தர அதனால் முடியாது.

அப்படியானால் சிற்றூர்களில் இருப்பவற்றையெல்லாம் பெருநகரப் பெட்டகங்களுக்கு அனுப்பிவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. 1993இல் ட்ரியர் நகரில், மருத்துவமனை ஒன்றின் வாகனத் தரிப்பிடத்துக்காக மண் வெட்டியபோது, 2,500க்கும் மேற்பட்ட உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. 18.5 கிலோகிராம் பொன்! அவை அந்நகரின் நூதனசாலையிலேயே இருக்கின்றன. 2019 ஒக்ரோபரில் அங்கும் கள்வர் புகுந்தார்கள், சுத்தியலால் அடித்தார்கள். கண்ணாடி இடங்கொடுக்கவில்லை. பொலிசார் விரைந்து வந்தனர். வந்தவர்கள் வெறுங்கையோடு ஓடினார்கள். தடித்த கண்ணாடியும் விழித்திருந்த காவலும் ஒரு நகரின் செல்வத்தை அந்நகரிலேயே காத்தன. செலவு உண்டுதான். ஆனால் மருந்துச் செலவுக்கு அஞ்சினால் நோய்ச் செலவு வந்து சேரும்.

அன்பர்களே, நம் ஒவ்வொருவர் வீட்டிலும் ஊரிலிருந்து கொண்டுவந்த ஏதோ ஒன்று இருக்கிறது: பாட்டனாரின் ஏட்டுச் சுவடி, குத்துவிளக்கு, பூசைமணி. அவற்றைப் படமெடுத்து, அளவும் நிறையும், யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்பதையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பொருள் போனாலும் அதன் கதையாவது பிள்ளைகளுக்கு மிஞ்சும். அடுத்த விடுமுறையில் உங்கள் பகுதியிலுள்ள சிறிய நூதனசாலை ஒன்றுக்குப் பிள்ளைகளோடு செல்லுங்கள். பார்க்க ஆளில்லாத செல்வத்துக்குக் காவல் வைக்க எந்த ஊராட்சியும் பணம் ஒதுக்காது.