சட்டியில் பூத்த பூ

மட்டாஞ்சேரிக் கிளைக்கு மாற்றலாகி வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. போன வாரம், மிளகு வியாபாரம் பண்ற ஒரு குஜராத்தி வாடிக்கையாளர், என் வயசுக்காரர்தான், என் மேஜை முன்னால உக்காந்து கையெழுத்து போட்டுக்கிட்டே ஒரு மெட்டை முணுமுணுத்தார். அட, இது நம்ம 'ஜங்கிள் புக்' பாட்டாச்சே! நானும் சேர்ந்துக்கிட்டேன். அவர் பொறந்து வளர்ந்தது இதே மட்டாஞ்சேரி. நான் விருதுநகர். ரெண்டு பேரையும் சேர்த்து வச்சது ஒரு ஹிந்திப் பாட்டு.

இளையவர்களுக்காக ஒரு சின்ன முன்கதை. கிப்ளிங் 1894-ல் எழுதிய கதைகளை ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் 52 பாகத் தொடராக எடுத்தது. அங்கே ஒளிபரப்பானது 1989-90-ல். அதுவே ஹிந்தி பேசிக்கொண்டு 1993-ல் தூர்தர்ஷனுக்கு வந்தது. ஷேர்கானுக்குக் குரல் நானா படேகர். முகப்புப் பாட்டு நம்ம ஊருக்குன்னே புதுசாப் போட்டது. எழுதியவர் குல்சார். இசை விஷால் பரத்வாஜ். அப்ப அவரை யாருக்கும் பெருசாத் தெரியாது. 'மாச்சிஸ்' வந்து பேர் வாங்கினது 1996-ல்தான்.

ஞாயித்துக்கிழமை காலையில டிவி இருந்த வீட்டுத் திண்ணையில எங்க தெருப் பசங்க அத்தனை பேரும் ஆஜர். ஒருத்தனுக்கும் ஹிந்தி தெரியாது. பூவுக்கு ஹிந்தியில என்னன்னு மட்டும் யாரோ சொல்லியிருந்தாங்க. பாட்டுல 'சட்டி'ன்னு வேற காதுல விழுந்துச்சா, சரி, மண்சட்டியில பூ பூத்திருக்குன்னு முடிவு கட்டிட்டோம். ஹிந்தியில அது அரைக்கால் டவுசர். மோக்லியைத்தான் சொல்றாங்கன்னு காலேஜுக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சுது. ஆனா எனக்கு இன்னிக்கும் அந்தப் பாட்டுல பூ சட்டியிலதான் பூக்குது :-)

பாட்டு வேணும்னு எங்க ஊர் கேசட் கடையில போய்க் கேட்டேன். இல்லைன்னுட்டாங்க. அப்புறம் டேப் ரெக்கார்டரை டிவி பக்கத்துல வச்சுப் பதிவு பண்ணினோம். நடுவுல குக்கர் விசில் சத்தமும் சேர்ந்து வரும்.

பி.காம். புத்தி சும்மா இருக்குமா? வெளிநாட்டுல இதே சமாச்சாரம் எவ்வளவு பெரிய வியாபாரம்னு அப்புறம் தேடிப் படிச்சேன். அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' 1969-ல் ஆரம்பிச்சுது. அடுத்த வருஷமே அதன் பாடல்கள் இசைத்தட்டா வந்துடுச்சு. ரப்பர் வாத்தைப் பத்தின பாட்டு பில்போர்டு பட்டியலில் 16-ஆம் இடம் வரைக்கும் போச்சு. 2006-ல் டிஸ்னியின் 'ஹானா மொன்டானா' ஆல்பம் முதல் வாரமே 2.81 லட்சம் பிரதி வித்து, வந்தவுடனே முதலிடத்தில் உக்காந்துச்சு. ஒரு டிவி தொடரின் ஆல்பம் அப்படி நேரா முதலிடத்தில் நுழைஞ்சது அதுதான் முதல் தடவை.

எங்க பாட்டு எந்தப் பட்டியலிலும் ஏறினதில்லை. கணக்கில் வராத சொத்துன்னு சொல்வோமே, அந்த மாதிரி. ஆனாலும் 23 வருஷம் கழிச்சு, 2016-ல் டிஸ்னி 'ஜங்கிள் புக்' படம் இங்கே வந்தப்ப, விளம்பரத்துக்கு அந்தப் பழைய பாட்டைத்தான் விஷாலும் குல்சாரும் திரும்பப் பதிவு பண்ணினாங்க. ஹிந்தி ஷேர்கானுக்கு மறுபடியும் நானா படேகர்தான்.

இதெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, என் பொண்ணு இங்கே ரெண்டாம் வகுப்பு. மலையாளம் வெளுத்து வாங்குறா. தமிழ்ல எழுதச் சொன்னா தடுமாறுறா. பேத்தி தமிழை மறந்துடுவாளோன்னு ஊர்ல அம்மாவுக்கு ஒரே கவலை. எனக்கு மட்டும் இல்லையா என்ன? 2007-ல் சன் குழுமம் தமிழ்ல சுட்டி டிவி ஆரம்பிச்சுது, 2011-ல் மலையாளத்துல கொச்சு டிவி. வீட்டுல ரிமோட் யார் கையில இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா!

போன ஞாயிறு, மலையாள கார்ட்டூன்ல வந்த நாய்க்குட்டிப் பாட்டை போன்ல ஆச்சிக்குப் பாடிக் காட்டினா. மலையாளத்துல நாய்க்கு 'பட்டி'. அம்மா காதுல அது 'பாட்டி'ன்னு விழுந்துடுச்சு. "என்னையப் பத்தியே பாடுறாளேடா"ன்னு குரல் தழுதழுத்துப் போச்சு.

நான் திருத்தலைங்க. மண்சட்டியில பூ பூக்கலாம்னா, இதுவும் இருந்துட்டுப் போகட்டும்.

சாயங்காலம் மட்டும் அவளை உக்கார வச்சு, 'பாட்டி'ன்னு அஞ்சு தடவை எழுத வச்சேன்.