யாருக்கும் போகாத கிராமி

1990 பிப்ரவரி 21, லாஸ் ஏஞ்சலீஸ். சிறந்த புதுமுகக் கலைஞருக்கான கிராமி விருது மிலி வனிலிக்குன்னு அறிவிக்கிறாங்க. நீளச் சடை போட்ட ரெண்டு இளைஞர்கள், ராப் பிலேட்டஸும் ஃபாப் மோர்வனும், வந்து வாங்கிக்கிறாங்க. அன்னைக்கு ராத்திரி மேடையில பாட்டும் உண்டு. ஆனா உதடு மட்டும்தான் அசைஞ்சது.

ஆல்பத்துலயும் அவங்க குரல் கிடையாது. பாடினவங்க சார்ல்ஸ் ஷா, ஜான் டேவிஸ், பிராட் ஹோவெல் மாதிரி வேற ஆட்கள். ஏற்பாடு செஞ்சவர் ஜெர்மன் தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியன். போனி எம் குழுவை உருவாக்கினவரும் இவர்தான். அங்கேயும் மேடையில ஆடினவர் பாபி ஃபாரெல், ரெக்கார்டுல கேட்ட அந்தக் கனத்த ஆண்குரல் ஃபாரியனோடது! அவருக்கு இது பழகின வித்தை.

1989 ஜூலையில கனெக்டிகட்ல ஒரு நிகழ்ச்சி. ஓடிட்டிருந்த பாட்டு சிக்கி, ஒரே வரி திரும்பத் திரும்ப வருது. ராப் மேடையை விட்டே ஓடிட்டார். அதுக்கப்புறம்தான் கிராமி கிடைச்சுது, அதைத்தான் என்னால நம்பவே முடியலை.

1990 நவம்பர்ல ஃபாரியனே உண்மையை வெளியில சொன்னார். சில நாள்லயே விருதைப் பறிச்சாங்க. கிராமியில அதுவரை அப்படி நடந்ததே இல்லை. ஆனா பறிச்ச விருதை யாருக்குமே கொடுக்கலை. போட்டியில இருந்த நெனே செரிக்கும் இல்லை, இண்டிகோ கேர்ல்ஸுக்கும் இல்லை. நிஜமா பாடினவங்களுக்கும் இல்லை.

கேலி மொத்தமும் அந்த ரெண்டு முகங்கள் மேலதான் விழுந்துச்சு. 1998ல ஃப்ராங்க்ஃபர்ட் பக்கம் ஒரு ஹோட்டல் அறையில ராப் இறந்து கிடந்தார். ஃபாரியன் தொழிலை விடலை.