குடும்பத்துக்கு ஒரு தாதி: இணுவிலிலிருந்து ஒன்ராறியோ வரை

இந்த மலருக்காகப் பழைய மாணவிகள் நிரப்பி அனுப்பிய விபரப் படிவங்களில், 'தொழில்' என்ற இடத்தில் ஒரு பெயர் அடிக்கடி கண்ணில் பட்டது: நேர்ஸ் பிராக்டிஷனர். ரொறன்ரோ, லண்டன், மெல்பேண், நியூ ஜேர்சி என்று ஊர் மாறினாலும் பெயர் மாறவில்லை. ஊரில் இருக்கும் எம்மில் பலர் இதைப் 'பெரிய நேர்ஸ்' என்று விளங்கிக்கொள்கிறோம். அது சரியான விளக்கம் அல்ல. தாதியியலில் பட்டம் பெற்று, அதற்கு மேல் முதுமாணிப் பட்டமோ கலாநிதிப் பட்டமோ முடித்து, தேசியப் பரீட்சையிலும் சித்தியடைந்தவருக்கே அமெரிக்காவில் இந்தப் பெயர் உரியது. பெரும்பாலானோர் பட்டத்துக்கும் மேற்படிப்புக்கும் இடையில் வாட்டில் சில ஆண்டுகள் வேலை செய்தவர்கள். முன்னால் 'குடும்ப' என்ற சொல்லும் சேர்ந்தால், கைக்குழந்தை முதல் தொண்ணூறு வயதுப் பாட்டி வரை எல்லோரையும் அவர் பார்ப்பார். உடலைச் சோதிப்பார், இரத்தப் பரிசோதனைக்கு எழுதுவார், நோய் இன்னதென்று தீர்மானிப்பார், மருந்தும் எழுதுவார். தன் கைக்கு மிஞ்சியதை விசேட வைத்தியரிடம் அனுப்பிவைப்பார். அந்தப் பட்டப்பின் படிப்பின் நடுவே மூன்று பாடங்கள் நிற்கின்றன: நோய் உடலை எப்படி மாற்றுகிறது, மருந்து உடலுக்குள் என்ன செய்கிறது, கண்ணாலும் கையாலும் காதாலும் ஓர் உடலை எப்படி அறிவது. இவற்றுக்கு மேல், மேற்பார்வையின் கீழ் நூற்றுக்கணக்கான மணிநேரம் நோயாளரைப் பார்த்தாக வேண்டும்.

பட்டமும் பெயரும் மேல்நாட்டில் பிறந்தவைதான். ஆனால் டொக்டர் எட்டாத ஊரில், டொக்டரின் வேலையில் ஒரு பங்கை முறையாகப் பயின்ற உள்ளூரவர் கையில் கொடுப்பது யாழ்ப்பாணத்துக்குப் பழைய எண்ணம்.

டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் நிலைகொண்டு, ஊர் இளைஞருக்கு மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில், பின்னர் தமிழில். தமிழுக்கு மாறியதற்கு அவரிடம் மிகவும் நடைமுறையான காரணம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவார்கள். தமிழில் படித்தவர்கள் தம் கிராமத்தில் இருந்து வைத்தியம் பார்ப்பார்கள் என்று அவர் கணக்கிட்டார். அதற்காகவே உடற்கூறு, சத்திரசிகிச்சை, இரசாயனம் என்று நூல் நூலாகத் தமிழாக்கினார். பயிற்றப்பட்டவர்கள் 60க்கு மேற்பட்டோர். மொழிபெயர்ப்புகளில் பிரசவ வைத்தியம் பற்றிய நூலும் ஒன்று. ஆனால் மாணவர்கள் எல்லோரும் ஆண்கள். பேறு நடக்கும் அறைக்குள் ஆண் வைத்தியனை இலகுவில் விடாத ஊரில், அந்தப் புத்தகத்தைப் படித்தவர் ஒரு பக்கமும் வலியில் கிடந்தவள் இன்னொரு பக்கமுமாக, நடுவே கதவு சாத்தியிருந்தது.

அந்தக் கதவைத் திறக்கப் பெண்கள் வரவேண்டியிருந்தது. மேரி, மார்கரெட் லீச் என்ற அமெரிக்கச் சகோதரிகள் பெண்களுக்கென ஒரு வைத்தியசாலை வேண்டுமென்று கடல்கடந்து பணம் திரட்டினார்கள். 1898இல் இணுவிலில் மக்லியொட் வைத்தியசாலை எழுந்தது. அங்கே டொக்டர் இசபெல்லா கேர் நீண்டகாலம் பொறுப்பாக இருந்தார். எமது ஊர்ப் பெண்பிள்ளைகள் சிலர் வெள்ளைச் சேலை உடுத்தி, காய்ச்சல்மானி பிடித்து, தாதியாகவும் மருத்துவமாதாகவும் பயின்ற இடங்களில் அது முன்னோடி. யாழ்ப்பாணப் பட்டினத்தில் அரசாங்க அதிபர் பேர்சிவல் ஆக்லண்ட் டைக் காலத்தில் 1850இல் தொடங்கிய வைத்தியசாலை 1907இல்தான் அரசாங்கத்தின் கைக்கு வந்தது.

அப்படிப் பயின்றவர்களில் பலர் மிஷன் பாடசாலைகளில் படித்த கிறிஸ்தவப் பிள்ளைகள். மற்ற வீடுகள் தயங்கின. எமது பாட்டிமார் காலத்தில் ஆசிரியையாகப் போவது கௌரவம். தாதியாகப் போவதென்றால் இரவில் வேலை, அந்நிய ஆணின் உடலைத் தொடுவது, இரத்தம், தீட்டு. பிள்ளைப்பேறு பார்ப்பது சாதியோடு கட்டப்பட்ட தொழிலாக இருந்த ஊர் இது. நள்ளிரவில் ஓடிப்போய்க் கூட்டிவந்த மருத்துவிச்சியை, விடிந்தபின் உள்ளே இருத்திச் சாப்பாடு போடாத வீடுகள் பல. அதே வேலையைப் படித்த பெண் சம்பளத்துக்குச் செய்யப் போகிறாள் என்றால் குடும்பம் எப்படிச் சம்மதிக்கும்? கலியாணப் பேச்சில் 'பிள்ளை ரீச்சர்' என்றால் ஒரு முகம், 'பிள்ளை நேர்ஸ்' என்றால் இன்னொரு முகம். பின்னாளில் அந்த 'நேர்ஸ்' விசாவோடு சேர்ந்து வந்தபோது முகங்கள் மலர்ந்தன என்பதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

எமது சங்கம் பிறந்த 1920களுக்கு வருவோம். 1925இல் அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் மேரி பிரெக்கின்ரிட்ஜ் என்ற தாதி ஒரு சேவையைத் தொடங்கினார். வீதியில்லாத அந்த மலையூர்களுக்குத் தாதிகள் குதிரையில் போய்ப் பேறு பார்த்தார்கள், குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அடுத்த ஆண்டு, 1926இல், இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு றொக்பெல்லர் மன்றத்தின் உதவியோடு களுத்துறையில் தொடங்கியது. வீடு தேடிப்போகும் மருத்துவமாது என்ற ஏற்பாடு அதிலிருந்துதான் நாடெங்கும் பரவியது. எமது ஒழுங்கைகளில் சைக்கிளில் வந்து, படலையில் மணி அடித்து, "பிள்ளை எப்படி, பால் குடிக்குதோ?" என்று கேட்டபடி உள்ளே வந்த 'மிட்வைப் அம்மா' இந்த வழியில் வந்தவர். இன்று அவர் குடும்பநல உத்தியோகத்தர். சைக்கிளின் இடத்தில் ஸ்கூட்டி. தாய்மார் இறப்பைக் குறைத்ததில் இலங்கை பெற்றிருக்கும் நல்ல பெயரில் பெரும் பங்கு இவர்களுடையது.

குதிரையும் சைக்கிளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் புறப்பட்டன. பின்னர் வழிகள் பிரிந்தன. கென்டக்கியில் அந்தச் சேவை தன் பள்ளியை வளர்த்து, 1970இல் குடும்பத் தாதிகளுக்கான பயிற்சியைத் தொடங்கியது. இன்று அது அத்துறைக்கென்றே பட்டப்பின் படிப்பு நடத்தும் பல்கலைக்கழகம். எமது மருத்துவமாதுக்கோ ஒன்றரை ஆண்டுப் பயிற்சியோடு படிப்பு நின்றுவிட்டது. இருபது வருடம் ஒரு கிராமத்தின் எல்லாக் கர்ப்பிணிகளையும் பார்த்தவருக்கும், அந்த அனுபவத்தின் மேல் நோயறியவும் மருந்தெழுதவும் படிக்க வழி வைக்கப்படவில்லை.

வைத்தியசாலைத் தாதியின் கதை வேறு விதம். அவருக்கு ஏணி இருந்தது, ஆனால் அது சாய்ந்திருந்த பக்கம் நிருவாகம். தாதி, வாட் சிஸ்டர், மேற்றன் என்று ஏற ஏறக் கட்டிலிலிருந்து தள்ளி மேசைக்குப் போனார். நல்ல தாதி ஒருவரைக் கௌரவிக்க எமது முறைக்குத் தெரிந்த ஒரே வழி, அவரை நோயாளியிடமிருந்து எடுத்துவிடுவது. இந்தக் கோணல்தான் பட்டப்பின் குடும்பத் தாதிப் படிப்பு நேராக்கிய விஷயம் என்று நாம் நினைக்கிறோம். அங்கே மேலே படிக்கப் படிக்க நோயாளியை இன்னும் நெருங்குகிறார். எமது கிராமத்து டிஸ்பென்சரியில் இருந்த அப்போதிக்கரி ஐயா ஓரளவு அந்த வேலையைச் செய்தார். பின்னர் உதவி வைத்தியர் என்று பெயர் மாறிய அந்தச் சேவைக்கான பயிற்சியும் 1990களில் நின்றுபோனது.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. 1987 ஒக்டோபர் 21, தீபாவளி நாளில் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் புகுந்த இந்திய இராணுவத்தினரால் கொல்லப்பட்டவர்களில் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் இருந்தார்கள். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமமே எழுந்து நடந்தபோது நோயாளரோடு நடந்தவர்களிலும் தாதியர் இருந்தார்கள். டொக்டர் குறைந்த அந்த ஆண்டுகளில் தம் பதவிக்கு மேற்பட்ட வேலையைச் செய்த தாதியர் பலர். அதற்கு எவரும் சான்றிதழ் எழுதவில்லை.

வெளியே போனவர்களின் பாதையும் மெத்தை விரித்ததல்ல. 1960களிலும் 1970களிலும் இங்கிலாந்துக்குப் பயிற்சிக்குப் போன வெளிநாட்டுப் பெண்களில் பலர், மூன்றாண்டுப் பதிவுத் தாதிப் படிப்பு என்று நம்பிப் போய், இரண்டாண்டுத் துணைத் தாதிப் படிப்பில் சேர்க்கப்பட்டார்கள். அந்த இரண்டாம் தரத்துக்குப் பதவி உயர்வு அரிது. பின்னர் கனடா போனவர்கள் ஆங்கிலப் பரீட்சை, பதிவுப் பரீட்சை என்று முதலிலிருந்து தொடங்கினார்கள். முதியோர் இல்லங்களில் உதவியாளராக இரவு வேலை செய்துகொண்டே படித்தார்கள்.

அவர்கள் ஏறிய ஏணி அப்போதுதான் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெற்றா போர்ட் என்ற பொதுச் சுகாதாரத் தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை வைத்தியரும் முதலாவது நேர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினார்கள். டொக்டர்மார் முகம் சுளித்தார்கள் என்பது எதிர்பார்த்ததே. தாதியியல் ஆசிரியைகள் பலரும் எதிர்த்தார்கள் என்பதுதான் கவனிக்கவேண்டியது. தாதி தாதியாக இல்லாமல் குட்டி டொக்டர் ஆகிவிடுவாள் என்பது அவர்களுடைய பயம். ஒன்ராறியோவில் இவர்களுக்குரிய சட்டம் 1998இல் நடைமுறைக்கு வந்தது. அவுஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் அதன்பின் வழிவிட்டது. இந்தியாவிலும் அண்மை ஆண்டுகளில் தீவிர சிகிச்சைக்கும் பேற்றுக்குமாக இத்தகைய படிப்புகள் தொடங்கியுள்ளன. இலங்கைச் சட்டத்தில் நோயறிந்து மருந்தெழுதும் தாதி என்ற பதவி இல்லை.

இதன் விளைவை வெளிநாட்டிலிருக்கும் எம் சகோதரிகள் தொலைபேசியில் அறிவார்கள். "பிள்ளை, பிரஷர் நூற்றறுபது காட்டுது, குளிசையைக் கூட்டிப் போடட்டோ?" என்று கோப்பாயிலிருந்து அம்மா கேட்கிறார். ஸ்காபரோவில் ஒரு நாளைக்கு இருபது பேருக்கு அதே குளிசையை எழுதுகிற மகள், "கூட்டாதேங்கோ அம்மா, கிளினிக்குக்குப் போங்கோ" என்று மட்டுமே சொல்லமுடியும். கிளினிக்கில் விடியற்காலை இலக்கம் எடுத்து மத்தியானம் வரை காத்திருந்து இரண்டு நிமிடம் டொக்டரைப் பார்த்துவரும் அம்மாவுக்கு, தன் பழைய குளிசைகளையெல்லாம் கொட்டிக் காட்டி ஆறுதலாகப் பேச ஒருவர் ஊரில் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றோர் தனியே என்ற வீடுகள் குடாநாட்டில் எத்தனை என்று எமக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குறிகட்டுவானில் படகேறி ஒரு மணிநேரம் போகவேண்டிய நெடுந்தீவில், டொக்டர் ஒருவர் மாற்றலாகிப் போனால் அடுத்தவர் வரும்வரை சனங்கள் படுகிற பாடு தனிக்கதை.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இப்போது நான்காண்டுத் தாதியியல் பட்டம் இருக்கிறது. இணை சுகாதார விஞ்ஞானங்கள் தனிப் பீடமாகவும் உயர்ந்துவிட்டன. ஆகவே முதற் படி எம்மிடம் இருக்கிறது. அதற்கு மேல், குடும்பத் தாதியை உருவாக்கும் பட்டப்பின் படிப்பு ஒன்று வரவேண்டுமானால் சட்டம் மாறவேண்டும், பதவி உருவாகவேண்டும், வைத்தியர் சமூகம் இணங்கவேண்டும். இவை ஒரு சங்கத்தின் கையில் இல்லை. ஆனால் அந்தப் படிப்பைத் தாமே படித்து, அதில் பிறரைப் பயிற்றிவரும் பழைய மாணவிகள் எம்மிடையே இருக்கிறார்கள். நெடுந்தீவுக்கும் வேலணைக்கும் என்று ஒரு பாடத்திட்டம் வரைந்தால், அதில் எதை வைக்கவேண்டும், எது மேல்நாட்டுக்கு மட்டும் பொருந்தும் என்று சொல்லத்தக்கவர்கள் அவர்களே. படித்தவர் ஊரில் தங்க வழி என்ன என்ற கிறீனின் பழைய கேள்வியும் அந்த மேசையில் வரும். தமிழில் கற்பித்தால் போதும் என்ற அவருடைய விடை இன்று செல்லாது. நல்ல சம்பளமும் இருக்க வீடும் உரிய அதிகாரமும் இல்லாமல் எந்த மொழியில் படித்தவளும் தங்கமாட்டாள்.

1950க்கு முன் இணுவிலிலோ மானிப்பாயிலோ பெரியாஸ்பத்திரியிலோ பயின்ற எமது மாணவிகளின் விபரங்கள் சங்கத்திடம் மிகக் குறைவு. உங்கள் பாட்டியோ பெரியம்மாவோ அப்படி ஒருவர் என்றால், அவருடைய பயிற்சிச் சான்றிதழ், தொப்பியோடு எடுத்த படம், சேவைப் பதக்கம், கடிதம் எதுவானாலும் பிரதி எடுத்துச் செயலாளருக்கு அனுப்புங்கள். பெயரும் பயின்ற ஆண்டும் மட்டும் தெரிந்தாலும் போதும்.