யார் டிசிபி பேசுகிறார்கள்?

1982 டிசம்பர் 7. டேவிட் ஸ்மால்பெர்க் என்பவர் அர்பாநெட் வலையில் இருந்த கணினிகளின் பெயர்ப்பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, வீடு வீடாகக் கதவைத் தட்டுவதுபோல ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார். கேள்வி ஒன்றுதான்: ‘நீங்க டிசிபி பேசுவீங்களா?’

கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரை அர்பாநெட் பேசிய மொழி என்சிபி. 1983 ஜனவரி 1 முதல் எல்லோரும் டிசிபி/ஐபிக்கு மாறிவிட வேண்டும் என்று 1981 நவம்பரிலேயே ஜான் போஸ்டல் திட்டம் எழுதிவிட்டார். ஒரு வருஷ அவகாசம். இடைப்பட்ட காலத்தில் பழையதற்கும் புதியதற்கும் நடுவே துபாஷி வேலை பார்க்கச் சில கணினிகள். ஆனாலும் பலர் அசையவில்லை. 1982 நடுவில் ஒருநாள் என்சிபியை நிறுத்திக் காட்டியபோதுதான் கூச்சல் கிளம்பியது.

ஸ்மால்பெர்க் செய்தது வேறு காரியம். தொலைவிலிருந்து உள்நுழைதல், கோப்பு மாற்றம், அஞ்சல் என மூன்றையும் சோதித்தார். எந்தக் கணினி பதில் சொன்னது, எது சொல்லவில்லை என்பதைப் பெயரோடு அட்டவணையாக்கி, எவரும் படிக்கக்கூடிய ஆர்எஃப்சி ஆவணமாக வெளியிட்டார். வசையும் இல்லை, பாராட்டும் இல்லை. அடுத்த வாரம் மறுபடி. பிப்ரவரி கடைசிவரை பன்னிரண்டு வாரம் இது நடந்தது. ‘எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு’ என்று இனி யாரும் வாயால் சொல்லித் தப்பிக்க முடியாது. சோதனையை வெளியாள் செய்கிறார், விடை ஊருக்கே தெரிகிறது.

மாற்றம் சுகமாக நடந்துவிடவில்லை. கெடு தாண்டியும் பலர் மாதக்கணக்கில் தடுமாறினார்கள். தப்பிப் பிழைத்தவர்கள் ‘டிசிபி மாற்றத்தில் உயிர் பிழைத்தேன்’ என்று சட்டையில் வில்லை குத்திக்கொண்டார்கள்.

அன்று வந்த ஐபி முகவரிக்கு 32 பிட். மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகள். அதன் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அடுத்தது ஐபிவி6. அதே ஆண்டு ஜூன் 8 அன்று கூகுள், ஃபேஸ்புக், யாஹூ உள்ளிட்ட பல தளங்கள் 24 மணி நேரம் அதைத் திறந்து வைத்தன. எங்கே உடைகிறது என்று எல்லோரும் ஒரே நாளில் பார்ப்பதுதான் நோக்கம்.

ஆனால் 2012இல் ‘ஹேப்பி ஐபால்ஸ்’ என்ற உத்தி வரையறுக்கப்பட்டது. ஐபிவி6 தாமதித்தால் உலாவி சத்தமில்லாமல் பழைய வழிக்குப் போய்விடும். பயனருக்கு நிம்மதிதான். ஆனால் கோளாறு இருப்பதே தெரியாது. சரியாகிவிட்டதா என்று சோதிப்பதும் கடினம். அந்த உத்தியை வகுத்த ஆவணமே இதை ஒப்புக்கொள்கிறது.

வலி தெரியாமல் செய்வது நல்ல வைத்தியம்தான். ஆனால் நோய் எங்கே என்று யாராவது எழுதி வைத்தாக வேண்டும். பன்னிரண்டு வாரம் அலுக்காமல் அதைச் செய்த ஒருவரின் அட்டவணைகளை இன்றும் யாரும் எடுத்துப் படிக்கலாம்.